மிக்கி மவுஸ் இனி யாருடையது? 95-ஆவது ஆண்டில் உண்மையில் நடப்பது

2024 புத்தாண்டு காலை. திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். "ஏனுங்ணா, மிக்கி மவுஸ் இனிமே எல்லாருக்கும் ஃப்ரீயாமே? பனியன்ல அடிச்சு விட்டுறலாமுங்களா?" முந்தின நாளிலிருந்தே வாட்ஸப்பில் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. டிஸ்னியின் கையை விட்டு மிக்கி போய்விட்டது, இனி யாரும் எதுவும் செய்யலாம் என்று.

அந்தச் செய்தியில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை மட்டும் நம்பி ஆயிரம் பனியன் அடித்தால் சரக்கு தேங்கிப்போகும், வக்கீல் நோட்டீஸும் வரலாம். "தொட்டாலே கேஸ் போட்டுவிடுவார்கள்" என்று பயந்து ஒதுங்குகிறவர்களும் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சட்டப்படி தங்களுக்குக் கிடைத்த ஒன்றை அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் விடுகிறார்கள். நண்பரிடம் அன்று அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இரண்டு விதமான ஆண்டு நிறைவு

அமெரிக்க சினிமா, டிவி, காமிக்ஸ் உலகில் ஆண்டு நிறைவு பெரிய வியாபாரம். ஒரு படம் வந்து 25 வருடம், 50 வருடம் என்றால் புதுப் பிரதி, புது போஸ்டர், புது பொம்மை எல்லாம் கடைக்கு வந்துவிடும். மிக்கி மவுஸின் பிறந்தநாளாக டிஸ்னி நிறுவனம் கொண்டாடுவது நவம்பர் 18. 1928-இல் அந்தத் தேதியில்தான் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' என்ற ஏழரை நிமிடக் கார்ட்டூன் திரையிடப்பட்டது. வரைந்த உருவத்தின் அசைவோடு இசையும் சத்தமும் பிசகாமல் ஒட்டி ஓடியதைப் பார்த்து அன்றைய ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

இதெல்லாம் உரிமையாளர் வைக்கும் விழா. வேண்டுமென்றால் கொண்டாடுவார், வேண்டாமென்றால் விட்டுவிடுவார். இன்னோர் ஆண்டு நிறைவு இருக்கிறது. அதற்கு யாரும் கேக் வெட்டுவதில்லை, போஸ்டர் ஒட்டுவதில்லை. அது 95-ஆவது ஆண்டு. அமெரிக்காவின் பழைய படைப்புகளுக்குச் சட்டம் குறித்துவைத்திருக்கும் கெடு அதுதான்.

1928 உடன் 95-ஐக் கூட்டினால் 2023. அப்படியானால் 2023 நவம்பர் 18 அன்றே உரிமை முடிந்திருக்க வேண்டுமே? இல்லை. சட்டம் தேதியைப் பார்ப்பதில்லை, ஆண்டைத்தான் பார்க்கிறது. ஒரே ஆண்டில் வெளியான புத்தகம், படம், இசைக்குறிப்பு, காமிக்ஸ் அத்தனைக்கும் 95-ஆவது ஆண்டின் டிசம்பர் 31 நள்ளிரவில் சேர்ந்தாற்போலக் காலம் முடிகிறது. மறுநாள் ஜனவரி 1-ஐப் 'பப்ளிக் டொமைன் தினம்' என்பார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே இருக்கும் ஆய்வு மையம் ஒவ்வொரு ஆண்டும் அன்றைக்கு எவையெல்லாம் வெளியே வருகின்றன என்று பட்டியல் போடுகிறது.

பப்ளிக் டொமைன் என்றால் ஒரு படைப்பின் மேல் யாருக்கும் தனி உரிமை இல்லாத நிலை. இனி இதைப் 'பொதுவுரிமை' என்றே சொல்கிறேன்.

பட்டா நிலம் அல்ல, ஏரிக் குத்தகை

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் எழுதிய கதையோ எடுத்த படமோ அவருடைய பட்டா நிலம் மாதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும் சொத்து. அந்த நினைப்போடு பார்த்தால் 95 ஆண்டில் உரிமை முடிவது ஏதோ பறிமுதல் மாதிரித் தெரியும்.

பதிப்புரிமை அப்படிப்பட்டது அல்ல. ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்களே, அதைப் போன்றது. குத்தகை எடுத்தவர்தான் குஞ்சு விடுகிறார், காவல் போடுகிறார், செலவு செய்கிறார். அதனால் அந்தக் காலம் முடியும்வரை வேறு யாரும் வலை வீசக் கூடாது. காலம் முடிந்தால் ஏரி ஊருக்கு. ஊர் அதை அவரிடமிருந்து பிடுங்கவில்லை, முதலிலேயே பேசிக்கொண்ட கணக்கு அது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அறிவும் பயனுள்ள கலைகளும் வளர வேண்டும், அதற்காக எழுதியவர்களுக்கும் கண்டுபிடித்தவர்களுக்கும் வரையறுத்த காலத்துக்குத் தனி உரிமை கொடுக்கலாம் என்று முதல் பிரிவின் 8-ஆம் பகுதி சொல்கிறது. நோக்கமும் அந்த வரியில் இருக்கிறது, கால எல்லையும் அந்த வரியில் இருக்கிறது.

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும், விற்கவும், பொதுவில் காட்டவும், அதை வைத்து வேறொரு படைப்பைச் செய்யவும் படைத்தவருக்கு, அல்லது அவரிடமிருந்து வாங்கியவருக்கு, சில காலம் மட்டும் இருக்கும் தனி உரிமை. இந்த உரிமை யோசனையைத் தொடாது. அந்த யோசனைக்கு ஒருவர் கொடுத்த உருவத்தைத்தான் பிடிக்கும். வத்தக்குழம்பு வைக்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் சமையல் புத்தகத்தில் எழுதியிருக்கும் வாக்கியங்கள் அவருடையவை. அதே மாதிரி, "படகில் வேலை செய்யும் ஒரு குறும்புக்கார எலி" என்ற யோசனையை 1929-இல்கூட யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம். வட்டக் காது, குட்டைக் கால்சட்டை, பெரிய ஷூ போட்ட அந்தக் குறிப்பிட்ட எலிதான் டிஸ்னியுடையது.

குத்தகை நீண்டுகொண்டே போன கதை

தொடக்கத்தில் குத்தகைக் காலம் ரொம்பச் சின்னது. 1790-இல் வந்த முதல் சட்டம் 14 ஆண்டு கொடுத்தது. முடிந்ததும் ஆசிரியர் உயிரோடு இருந்து விண்ணப்பித்தால் இன்னொரு 14. 1831-இல் அது 28-ம் 14-ம் ஆனது. 1909-இல் 28-ம் 28-ம். அதாவது மொத்தம் 56 ஆண்டு.

1909 கணக்குப்படி பார்த்தால் ஸ்டீம்போட் வில்லி 1984-இல் வெளியே வந்திருக்க வேண்டும். அதற்குள் 1976 சட்டம் பழைய படைப்புகளின் காலத்தை 75 ஆண்டாக்கியது. கெடு 2003-இன் கடைசிக்குப் போனது. அது நெருங்கும்போது 1998-இல் இன்னொரு 20 ஆண்டு கூட்டினார்கள். 95 என்ற எண் வந்தது அப்போதுதான். பாடகராக இருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினரான சன்னி போனோ அந்த ஆண்டு ஜனவரியில் பனிச்சறுக்கு விபத்தில் இறந்திருந்தார். சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஜனங்கள் வைத்த பெயர் 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்'.

டிஸ்னி இதற்காக அரசியல்வாதிகளிடம் முயற்சி செய்தது உண்மை. ஆனால் டிஸ்னி மட்டும்தான் காரணம் என்று சொல்வது சரியல்ல. இசைப் பதிப்பாளர்களும் பழைய இசையமைப்பாளர்களின் வாரிசுகளும் சேர்ந்தே கேட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் 1993-இலேயே, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்று நீட்டியிருந்தன. அதற்குச் சமமாக வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த வாதம்.

இதனால் நடந்ததை ஒரு மனிதரை வைத்துச் சொல்கிறேன். எரிக் எல்ட்ரெட் என்பவர் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்துகொண்டு பழைய புத்தகங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தார். கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923-இல் வெளியிட்ட தொகுப்பு 1999-இல் பொதுவுரிமைக்கு வரும், அதையும் ஏற்றலாம் என்று காத்திருந்தார். சில மாதங்கள் இருக்கும்போது புதுச் சட்டம் வந்து வழியை அடைத்தது. அவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம்வரை போனது. காலம் எவ்வளவு என்று முடிவு செய்வது காங்கிரஸின் வேலை, வரையறை என்று ஒன்று இருந்தால் போதும் என்று 2003-இல் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். எல்ட்ரெட் தோற்றார். ஃப்ராஸ்டின் தொகுப்பு 2019-இல்தான் வெளியே வந்தது.

1922-இன் படைப்புகள் 1998 ஜனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு வந்தன. 1923-இன் படைப்புகள் வந்தது 2019 ஜனவரி 1 அன்று. இடையில் கெடு முடிந்து ஒரு பழைய புத்தகமோ படமோ வெளியே வரவில்லை. ஒரு குழந்தை பிறந்து, படித்து, ஓட்டுரிமை வாங்கும் அளவுக்கு நீண்ட இடைவெளி அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பதிப்புரிமை ஒரு குத்தகை. அதன் காலத்தைச் சட்டம் பலமுறை நீட்டியது. 1978-க்கு முன்பு வெளியாகி முறையாக உரிமை காக்கப்பட்ட அமெரிக்கப் படைப்புக்கு இப்போது 95 ஆண்டு. 1978-க்குப் பிறகு தனி ஆள் எழுதியதென்றால் கணக்கு வேறு. அவர் வாழ்நாளும் அதன் பிறகு 70 ஆண்டும்.

திறந்தது ஒரு படம், முழு மிக்கி அல்ல

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். 2024-இல் வெளியே வந்தது 'மிக்கி மவுஸ்' என்கிற பாத்திரம் மொத்தமும் அல்ல. 1928-இல் வந்த படங்களும், அந்தப் படங்களில் மிக்கி எப்படி இருந்ததோ அந்த உருவமும் மட்டும்தான். கறுப்பு வெள்ளை. கையில் உறை கிடையாது. பேசாது, விசிலடிக்கும். கொஞ்சம் முரட்டுத்தனமும் உண்டு. படகில் இருக்கும் விலங்குகளையே வாத்தியமாக்கி வாசிக்கும்.

வெள்ளைக் கையுறை வந்தது 1929-இல். மிக்கி முதன்முதலாகப் பேசியதும் அந்த ஆண்டில்தான். ஆகவே அவை இரண்டும் 2025-இல் திறந்தன. தியேட்டர்களில் மிக்கி கலரில் வந்தது 1935-இல். அந்தப் படம் 2031-இல் திறக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருடத்துப் பெட்டி மட்டும் திறக்கிறது. அந்தப் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அடுத்த பெட்டியில் கை வைக்கக் கூடாது.

நம் இலக்கணத்தில் முதல்நூல், வழிநூல் என்று பிரிப்பார்கள் இல்லையா? அமெரிக்கச் சட்டத்திலும் அதே பிரிவினை இருக்கிறது. முன்பே உள்ள ஒன்றை எடுத்து, அதில் புதிதாகச் சிலவற்றைச் சேர்த்துச் செய்வது வழிப்படைப்பு. முதல் படைப்பின் உரிமை முடிந்தாலும், வழிப்படைப்பில் புதிதாகச் சேர்த்தவற்றின் உரிமை அதன் சொந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள மிக்கியைவிட நல்ல உதாரணம் டோரதியின் செருப்பு. ஆஸ் என்ற மாய நாட்டைப் பற்றி எல். ஃபிராங்க் பாம் எழுதிய குழந்தைகள் கதை 1900-இல் வந்தது. அது எப்போதோ பொதுவுரிமைக்கு வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தின் நாயகி டோரதி போட்டுக்கொள்வது வெள்ளிச் செருப்பு. 1939-இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ அதை டெக்னிகலர் என்ற வண்ண முறையில் படமாக எடுத்தபோது, திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதைச் சிவப்பு மாணிக்கச் செருப்பாக மாற்றினார்கள். இன்று உலகமே நினைவில் வைத்திருப்பது அந்தச் சிவப்பைத்தான். ஆனால் நீங்கள் இன்று அமெரிக்காவில் ஆஸ் கதையைப் படமாக எடுத்தால் வெள்ளிச் செருப்புதான் போட முடியும். மாணிக்கச் செருப்பு 2035 வரை உள்ளே இருக்கும். 1985-இல் டிஸ்னியே ஓர் ஆஸ் படம் எடுத்தபோது, மாணிக்கச் செருப்பைக் காட்டுவதற்கு எம்ஜிஎம்முக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பாத்திரத்தின் எல்லாக் கதைகளும் வெளியே வரும்வரை பாத்திரத்தையே தொடக் கூடாது என்று வாதாடிப் பார்த்தவர்களும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலின் வாரிசுகள் அப்படிச் சொன்னார்கள். 2014-இல் சிகாகோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழைய கதைகளில் இருக்கும் ஹோம்ஸ் எல்லோருக்கும் பொது, கடைசிக் கதைகளில் புதிதாகச் சேர்த்த குணங்கள் மட்டும் அவற்றின் காலம் முடியும்வரை காக்கப்படும் என்று தீர்ப்புச் சொன்னது.

பெயர்ப்பலகை வேறு விஷயம்

இங்கே இன்னொரு உரிமை குறுக்கே வருகிறது. அதுதான் வணிகச் சின்னம், டிரேட்மார்க். ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குகிறவர் அடையாளம் காண உதவும் பெயர், படம் அல்லது முத்திரை.

இட்லி யார் வேண்டுமானாலும் அவிக்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் பேர் பெற்ற ஓட்டலின் பெயர்ப்பலகையை நீங்கள் உங்கள் கடையில் மாட்ட முடியாது. அவருடைய இட்லி என்று நம்பி ஒருவர் ஏமாந்து சாப்பிடக் கூடாது என்பதுதான் காரணம். பதிப்புரிமை காப்பது சமைத்தவரை. வணிகச் சின்னம் காப்பது ஏமாறக்கூடிய வாடிக்கையாளரையும், அந்தப் பெயரைச் சம்பாதித்தவரையும். பதிப்புரிமைக்குக் கெடு உண்டு. வணிகச் சின்னத்துக்குக் கெடு கிடையாது, கடை நடந்துகொண்டிருக்கும்வரை பலகை இருக்கும்.

மிக்கியின் உருவம் டிஸ்னியின் பெயர்ப்பலகையும்கூட. 2007-லிருந்து டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டுடியோ தன் படங்களின் தொடக்கத்தில் ஸ்டீம்போட் வில்லியின் அந்த விசிலடிக்கும் காட்சியையே முத்திரையாகப் போட்டு வருகிறது. அப்படியென்றால் பதிப்புரிமையைப் பின்வாசல் வழியாக நிரந்தரமாக்கிக்கொள்ளலாமா? முடியாது. கெடு முடிந்த ஒரு பழைய டிவி தொடரை வேறொரு நிறுவனம் வீடியோவாக வெளியிட்ட வழக்கில், டிரேட்மார்க் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முடிந்துபோன பதிப்புரிமையை நீட்ட முடியாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். 1928 மிக்கியை வைத்துக் கதைப்புத்தகம் போடு, கார்ட்டூன் எடு, சுவரில் வரை. ஒரு கலைப்படைப்பாக அதைப் பயன்படுத்துவது உன் உரிமை. பனியன் கொஞ்சம் சிக்கலானது. துணிமணிக்கும் டிஸ்னி தன் சின்னத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறது, அதனால் வாங்குகிறவர் "இது டிஸ்னி சரக்கு" என்று நினைத்துவிடக் கூடாது. கழுத்து லேபிளில் மிக்கி வேண்டாம், டிஸ்னி என்ற பெயர் எங்கேயும் வேண்டாம், உன் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரியட்டும், ஆர்டர் எடுப்பதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஃப்ரீதான், ஆனா ஃப்ரீ இல்லீங்" என்றார். அந்த நேரத்தில் அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்ல வரவில்லை.

தாள் தவறியதால் பிழைத்த படங்கள்

பொதுவுரிமை என்றாலே ஒரு படைப்பின் மதிப்பு போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. எனக்கு மிகவும் பிடித்த இரண்டு கதைகள் இதில் இருக்கின்றன.

1946 டிசம்பரில் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வெளியானது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நாயகன். கிறிஸ்துமஸ் இரவில் வாழ்க்கை வெறுத்து நிற்கும் ஒரு நல்ல மனிதனிடம், நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தேவதூதன் காட்டும் கதை. போட்ட பணத்தைப் படம் எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் ஜனங்கள் மறந்தும் போனார்கள்.

அன்றைய சட்டப்படி 28-ஆவது ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க விண்ணப்பம் கொடுக்க வேண்டும். 1974-இல் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கத் தவறிவிட்டார்கள். படம் பொதுவுரிமைக்கு வந்தது. பணம் கட்டாமலே போடலாம் என்றதும் அமெரிக்கா முழுக்க உள்ளூர் டிவி நிலையங்கள் டிசம்பர் வந்தாலே இதைப் போட ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் நாலைந்து சேனலில் ஓடும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை இந்தப் படத்தைத் தன் வீட்டுப் பண்டிகையின் பகுதியாக ஆக்கிக்கொண்டது. தோற்றுப்போன படம் என்று ஒதுக்கப்பட்டது, அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் படம் ஆனது. அதைக் காப்பாற்றியது உரிமையாளர் அல்ல, உரிமையாளர் இல்லாத அந்த இருபது ஆண்டுகள்.

இருபது என்று ஏன் சொல்கிறேன்? ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற பட நிறுவனம் 1993-இல் கதவை மறுபடி மூடிவிட்டது. எப்படி முடிந்தது? வழிநூல் கணக்குதான். படத்தின் உரிமை போனாலும், அதற்கு முதல்நூலான சிறுகதையின் உரிமை புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருந்தது. பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய அந்தக் கதையை 1943-இல் எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. அவரே 200 பிரதி அச்சடித்து நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். அந்தச் சின்னப் புத்தகத்தின் உரிமையும் படத்தின் இசை உரிமையும் கையில் இருந்ததால், முழுப் படத்தையும் யாரும் அனுமதியில்லாமல் காட்ட முடியாது என்ற நிலை வந்தது. இதற்கு வழிவிட்டது 1990-இன் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கு ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' பற்றியது. அதன் நாயகனும் வழக்கில் ஒரு தரப்பும் இதே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்!

இரண்டாவது கதை 1968-இல், பிட்ஸ்பர்க்கில். ஜார்ஜ் ரோமெரோவும் நண்பர்களும் மிகக் குறைந்த செலவில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். செத்தவர்கள் எழுந்து நடந்து மனிதர்களைத் தின்ன வரும் கதை. முதலில் வைத்த தலைப்பை விநியோகஸ்தர் மாற்றி 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்று புது டைட்டில் கார்டு போட்டார். பழைய கார்டில்தான் பதிப்புரிமை அறிவிப்பு, அதாவது இன்ன ஆண்டு இன்னாருக்கு உரிமை என்ற ஒரு வரி, இருந்தது. புதியதில் அது விட்டுப்போனது. அன்றைய சட்டத்தில் அந்த வரி இல்லையென்றால் உரிமையே இல்லை. படம் வெளியான நாளிலேயே பொதுவுரிமைக்குப் போய்விட்டது.

எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. அது நிஜமான அநியாயம், அதை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்பதால் படம் போகாத இடமில்லை. இன்று உலகெங்கும் ஜாம்பி படம் என்று ஒரு வகையே இருக்கிறதே, மெதுவாக நடந்து கூட்டமாக வந்து மனித மாமிசம் தின்னும் பிணங்கள், அதற்கு விதை இந்தப் படம். மற்றவர்கள் பயமில்லாமல் எடுத்து வளர்க்க முடிந்தது.

இப்போது புதுப்பிக்கும் விண்ணப்பமும் தேவையில்லை, அந்த ஒரு வரி அறிவிப்பும் கட்டாயமில்லை. எழுதி முடித்த கணத்தில் உரிமை தானாகவே வந்துவிடும். ஆகவே இப்படித் தாள் தவறி வெளியே வரும் கதைகள் இனி நடக்காது.

பிறந்தநாள் பாட்டுக்கே கட்டணம்

ஆண்டு நிறைவு பற்றிப் பேசிக்கொண்டு இந்தப் பாட்டை விட முடியுமா? 'ஹேப்பி பர்த்டே டு யூ' பாட்டின் மெட்டு கென்டக்கியைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் 1893-இல் மழலையர் பள்ளிக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையது. இருந்தும் வார்னர் சாப்பல் என்ற இசை நிறுவனம், வரிகள் தன்னுடையவை என்று சொல்லி, படங்களில் பாடினால் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தது. அதே பாட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஜெனிஃபர் நெல்சனிடம் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் கட்டிவிட்டு வழக்கும் போட்டார். அந்த வரிகளுக்கு நிறுவனத்திடம் செல்லுபடியாகும் உரிமை இல்லை என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. உரிமை கேட்பவர் எல்லாரிடமும் உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை.

நாட்டுக்கு நாடு வேறு கடிகாரம்

இதுவரை சொன்ன தேதிகள் அமெரிக்காவுக்கு மட்டும். இந்தியாவில் ஓர் எழுத்தாளரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும், இறந்த பிறகு 60 ஆண்டும். ஒரே புத்தகம் ஒரு நாட்டில் பொதுவாகவும் இன்னொரு நாட்டில் உரிமையோடும் இருக்கலாம். எங்கே விற்கிறீர்களோ அந்த ஊர்ச் சட்டம்தான் பேசும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி என்றால் அமெரிக்கச் சட்டம்.

தமிழில் இந்தச் செய்தியை எழுதும்போது சிலர் 'நாட்டுடைமை' என்று போட்டுவிடுகிறார்கள். அது வேறு. பாரதியின் படைப்புகளுக்கு 1949-இல் நடந்தது போல, அரசாங்கம் முன்வந்து உரிமையை எடுத்துப் பொதுவாக்குவதுதான் நாட்டுடைமை. அமெரிக்காவில் மிக்கிக்கு நடந்ததில் அரசு எதையும் வாங்கவில்லை, யாருக்கும் பரிவுத்தொகை கொடுக்கவில்லை. குத்தகைக் காலம் முடிந்தது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: ஒரு பழைய அமெரிக்கப் படைப்பை எடுப்பதற்கு முன் எந்த ஆண்டில் வந்தது, எந்த வடிவம் அது, அடியில் வேறு முதல்நூல் இருக்கிறதா, வணிகச் சின்னம் குறுக்கே வருகிறதா, எந்த நாட்டில் விற்கப் போகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

95 ஆண்டு தாங்காத ஃபிலிம்

இவ்வளவு சொல்லிவிட்டு என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 95 ஆண்டு மிக அதிகம். டிஸ்னியேகூட கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதையை எடுத்துத்தான் 1937-இல் தன் முதல் முழுநீளப் படத்தைச் செய்தது. ஸ்டீம்போட் வில்லியில் ஒலிக்கும் ஒரு மெட்டும் அன்றைக்கே எல்லோருக்கும் பொதுவான பழைய நாட்டுப்பாட்டு. வால்ட் டிஸ்னிக்குக் கிடைத்த அந்த வசதி அடுத்து வருகிறவர்களுக்கும் கொஞ்சம் சீக்கிரமே கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஃபிலிம் சுருள். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் நாளாக நாளாகப் பொடியாகும். பெரிய நிறுவனங்கள் லாபம் வராத பழைய சுருள்களைப் பார்த்துக்கொள்ளவில்லை. உரிமை இல்லாததால் மற்றவர்கள் பிரதி எடுத்து வைக்கவும் முடியவில்லை. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான அதே வடிவில் முழுமையாக மிஞ்சியிருக்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்று ஒரு படம். 1927 டிசம்பரில் வந்தது. உயரத் தொப்பி, கூர்மையான பல்வரிசை, பிதுங்கிய கண் என்று லான் சேனி போட்ட வேஷத்தின் புகைப்படம் இன்றும் சினிமா புத்தகங்களில் வரும். அந்தப் படத்தின் தெரிந்த கடைசிப் பிரதி 1960-களில் எம்ஜிஎம் ஸ்டுடியோ கிடங்கில் பிடித்த தீயில் எரிந்துபோனது. 95 ஆண்டு முடிந்து 2023 ஜனவரி 1 அன்று அது பொதுவுரிமைக்கு வந்தது. அன்றிலிருந்து அதை யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திரையிடலாம். மிஞ்சியிருப்பவை சில ஸ்டில் புகைப்படங்கள் மட்டும்.